வீட்டு ஸ்டுடியோவுக்கு என்ன மென்பொருள், எந்தெந்த பிளகின்: செம்பூர் ஒற்றை அறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

போன மழைக்காலத்தில் மும்பை தாராவியிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செம்பூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். ராப் பாடுகிறவன். நல்ல குரல், அதைவிட நல்ல வரிகள். "அண்ணே, மிக்ஸ் சரியாவே வரல. எந்த பிளகின் வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க" என்றான்.

திறந்து பார்த்தேன். பிளகின், அதாவது இசை மென்பொருளுக்குள் செருகும் துணைக் கருவி, அந்தப் பட்டியல் உருட்ட உருட்ட முடியவில்லை. சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் மட்டும் 14 இருந்தது. குரல் டிராக்கைத் தனியாகப் போட்டுக் கேட்டேன். சீலிங் ஃபேன் சுற்றுகிறது, பின்னால் ஒரு குக்கர் விசில் அடிக்கிறது, அதற்கும் பின்னால் பத்ரா (தகரக்) கூரையில் மழை பெய்கிறது. சத்தம் நீக்கும் பிளகின்கள் இருக்கின்றனதான். ஆனால் இவ்வளவு சத்தத்தை நீக்கச் சொன்னால் குரலின் உயிரையும் சேர்த்தே வழித்து எடுத்துவிடும்.

அன்றைக்கு அவனுக்குச் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன். இதில் வரிசைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் கடைசிப் படியில் தொடங்கி, பணத்தை அங்கேயே கொட்டிவிடுகிறார்கள்.

படி 1: செய்யப்போவது என்ன?

கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதற்குப் பதில் இல்லாமல் மென்பொருள் தேடினால், கல்யாணம் யாருக்கு என்று தெரியாமல் புடவை எடுக்கப் போன கதைதான்.

வேறொருவர் செய்த பீட்டின் மேல் பாடுவதோ ராப் செய்வதோ மட்டும்தான் என்றால், உங்களுக்குத் தேவை ஒழுங்காக ரெக்கார்ட் செய்து, வெட்டி ஒட்டி, மிக்ஸ் செய்யும் கருவி. பீட்டை நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் டிரம் வரிசை, சின்தசைசர், பதிந்த ஒலித் துண்டுகளை வாசிக்கும் சாம்ப்ளர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மிருதங்கம், பறை, கிதார், வயலின் என்று ஆட்களை உட்கார வைத்து ரெக்கார்ட் செய்யப் போகிறீர்கள் என்றால் மென்பொருளைவிட மைக்குக்கும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸுக்கும்தான் பணம் போக வேண்டும். மூன்றும் செய்வேன் என்கிறீர்களா? செய்யலாம். இந்த ஆறு மாதத்தில் அதிகமாகச் செய்யப்போவது எது என்று பார்த்து அதற்கு வாங்குங்கள்.

படி 2: அறையும் நேரமும்

மும்பையில் தனி அறை என்பதே பெரிய சொத்து. எனக்கு இருப்பது ஓர் அறை, ஒரு சமையலறை. மரப் பீரோவைத் திறந்து வைத்து, உள்ளே தொங்கும் துணிகளுக்கு முன்னால் மைக்கை வைத்து, பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கனமான கோதடிகளை (துணி மெத்தைப் போர்வைகளை)க் கயிற்றில் தொங்கவிடுகிறேன். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கணிசமாகக் குறைந்துவிடும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வெறும் அலங்காரம், அதைச் செய்யாதீர்கள்.

ஃபேனையும் ஏசியையும் நிறுத்துங்கள். வேர்க்கும், வேர்க்கட்டும். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு லோக்கல் ஓடாத நேரம்தான் ஸ்டுடியோ நேரம்: இரவு 1 மணியிலிருந்து 4 மணி வரை, கொஞ்சம் முன்பின்னாக. பக்கத்து வீட்டு மாமியிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

மைக் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. இந்த மாதிரி அறைகளுக்கு கண்டென்சர் மைக்கைவிட டைனமிக் மைக் மேல். கண்டென்சர் நுணுக்கமாகக் கேட்கும். அந்த நுணுக்கத்தில் மூன்று வீடு தள்ளி ஓடும் டிவி சீரியலும் அடக்கம். 1966இல் வந்த ஷ்யூர் எஸ்எம்58 மாதிரியான மேடை மைக்கை வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் வைத்துப் பாடினால் அறை பின்னுக்குப் போய், குரல் முன்னுக்கு வரும். கண்டென்சர்தான் வேண்டும் என்றால் அதற்கு இன்டர்ஃபேஸ் கேபிள் வழியாகவே தரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேன்டம் பவர், தேவை. மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். ஈரம் பட்டால் பொரிகிற சத்தம் வர ஆரம்பிக்கும்.

படி 3: கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ்

ரேம் 8 ஜிபி இருந்தால் ஓட்டலாம், 16 இருந்தால் நிம்மதி. ஹார்ட் டிஸ்க் எஸ்எஸ்டியாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப்பாக இருந்தால் புதிது வாங்கும் முன் கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லேமிங்டன் ரோட்டுக்குப் போய், ரேமும் எஸ்எஸ்டியும் மாற்ற என்ன ஆகும் என்று இரண்டு மூன்று கடையில் கேட்டுப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு கணக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்ற பதிவுத் தரத்தில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. 4 நிமிடப் பாட்டில் 20 டிராக் என்றால் சுமார் 690 எம்பி. ஒவ்வொன்றையும் நான்கு தடவை பாடிப் பார்த்தால் 3 ஜிபியை நெருங்கிவிடும். 96 கிலோஹெர்ட்ஸில் செய்தால் இது அப்படியே இரண்டு மடங்கு. வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அடுத்து தாமதம். பாடிய குரல் ஹெட்ஃபோனில் ஒரு நொடித்துளி பிந்தி வந்தால் தாளமே தடுமாறும். மென்பொருளில் 'பஃபர் சைஸ்' என்று ஒன்று இருக்கும், கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித் துண்டின் அளவு அது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 2.7 மில்லிசெகண்ட், 1024 என்றால் 21 மில்லிசெகண்ட். போகவும் வரவும் சேர்த்தால் இன்னும் கூடும். ரெக்கார்ட் செய்யும்போது 128, மிக்ஸ் செய்யும்போது 1024. இந்த ஒரு பழக்கம் பாதிப் புலம்பலைத் தீர்த்துவிடும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் கம்பெனி தரும், தாமதத்தைக் குறைக்கும் அசியோ டிரைவரைப் போடுங்கள். அது இல்லையென்றால் அசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவர் ஒன்று இருக்கிறது, ஒப்பேற்றும். மேக்கில் இந்தத் தொல்லை இல்லை.

லேப்டாப்பை சார்ஜரில் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வருகிறதா? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50, 100, 150தான் கேட்கிறது. எர்த் சரியில்லாத பிளக்தான் பெரும்பாலும் காரணம். பாடி முடிக்கும் வரை சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். பிளகின் போட்டு வடிகட்டுவதெல்லாம் அப்புறம்.

படி 4: 'டா'வைத் தேர்ந்தெடுப்பது

ரெக்கார்டிங், எடிட்டிங், மிக்ஸிங் எல்லாம் நடக்கும் பிரதான மென்பொருளை டிஏடபிள்யூ என்று எழுதி 'டா' என்று சொல்கிறார்கள். மரியாதைக் குறைவாக எதுவும் இல்லை, பெயரே அப்படித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா டாவிலும் நல்ல பாட்டு வரும், எதற்கும் தனி 'சவுண்டு' கிடையாது. வித்தியாசமெல்லாம் வேலை செய்யும் முறையிலும், உடன் வரும் சாமான்களிலும், விலையிலும்தான்.

மேக் வைத்திருக்கிறீர்களா? கராஜ்பேண்ட் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் ஒரு முழுப் பாட்டை முடித்துவிட்டு அப்புறம் லாஜிக் ப்ரோ பற்றி யோசியுங்கள். கராஜ்பேண்டில் செய்தது லாஜிக்கில் அப்படியே திறக்கும். சின்தசைசர், டிரம், சுருதி திருத்தும் வசதி என்று லாஜிக்கோடு வரும் சாமான்களைப் பார்த்தால், தனியாக பிளகின் வாங்கும் ஆசையே குறைந்துவிடும்.

விண்டோஸ் என்றால், குரல் ரெக்கார்டிங்குக்கு என் சிபாரிசு ரீப்பர். ஒரு காலத்தில் நம் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் எம்பி3 பாடிய வின்ஆம்பை எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல்தான் இதையும் தொடங்கினார். 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். பிறகு தனிநபருக்கும், வருட வருமானம் 20,000 டாலரைத் தாண்டாத சிறு தொழிலுக்கும் உரிமம் 60 டாலர். பழைய லேப்டாப்பிலும் மூச்சு வாங்காமல் ஓடும். குறை என்னவென்றால் திறந்ததும் வெறும் கொட்டகை மாதிரி இருக்கும். வாத்திய ஒலிகள் பெயருக்குத்தான் வருகின்றன, வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். மெனுக்களும் அதிகம், முதல் வாரம் கடுப்பாகத்தான் இருக்கும்.

பீட் கட்டுகிறவர்களுக்கு எஃப்எல் ஸ்டுடியோ. தாராவியில் பீட் செய்யும் பையன்களில் நான் பார்த்த பாதிப் பேர் இதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவன் வைத்திருந்தால் அடுத்தவனுக்குச் சொல்லித் தருகிறான். அது சின்ன லாபமில்லை: சந்தேகம் வந்தால் எதிர்க் கோலியில் (அறையில்) ஆள் இருக்கிறது. பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் கம்பெனியுடையது. ஒரு தடவை வாங்கினால் பின்னால் வரும் பதிப்புகள் ஆயுள் முழுக்க இலவசம். இரண்டு எச்சரிக்கை. சோதனைப் பதிப்பில் சேமிக்கலாம், ஆனால் சேமித்ததை மறுபடி திறக்க உரிமம் வேண்டும். அடுத்து, அடிமட்ட விலைப் பதிப்பில் நெடுங்காலம் மைக்கில் பாடி ரெக்கார்ட் செய்யும் வசதியே இல்லாமல் இருந்தது. ஆகவே விலையை மட்டும் பார்க்காமல், எந்தப் பதிப்பில் எது அடக்கம் என்ற ஒப்பீட்டுப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். பாடுகிறவருக்கு ப்ரொட்யூஸர் எடிஷன்தான் பாதுகாப்பு.

ஏபிள்டன் லைவ் துண்டு துண்டாக, திரும்பத் திரும்ப ஓடும் லூப் அடுக்கி யோசிக்கிறவர்களுக்கும், மேடையில் வாசிக்கிறவர்களுக்கும். க்யூபேஸ் 1989லிருந்து இருப்பது, சினிமாப் பின்னணி இசை செய்கிறவர்களுக்குப் பிரியமானது. இரண்டின் குறைந்த வசதிப் பதிப்பும் பல இன்டர்ஃபேஸ், மிடி கீபோர்டு பெட்டிகளோடு இலவசமாக வருகிறது. பெட்டிக்குள் கிடக்கும் சின்னச் சீட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதில்தான் கோட் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் அந்தக் கோட் ஏற்கெனவே பயன்பட்டதா என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

ப்ரோ டூல்ஸ்? அந்தேரிப் பக்கம் ஸ்டுடியோக்களில் வேலைக்குப் போகிற எண்ணம் இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். 8 ஆடியோ டிராக் வரை தரும் இலவசப் பதிப்பே கற்றுக்கொள்ளப் போதும். வீட்டில் பாட்டு செய்ய அது அவசியமில்லை. 'ஸ்டுடியோவில் ப்ரோ டூல்ஸ்தான் வைத்திருக்கிறார்கள், அதனால் எனக்கும் வேண்டும்' என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாக எடுத்துக் கொடுத்தால் எந்த டாவிலும் திறக்கும்.

லேப்டாப்பே இல்லாதவர்கள் போனில் பேண்ட்லேப் போட்டுத் தொடங்கலாம். காசு கேட்காது. ஆடாசிட்டி பேச்சு ரெக்கார்டிங்குக்கும் சின்ன வெட்டு வேலைக்கும் அருமை. பல டிராக் பாட்டுக்கு அதை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு டாவின் சோதனைப் பதிப்பை இறக்குங்கள். இரண்டிலும் ஒரே பல்லவியை ரெக்கார்ட் செய்யுங்கள், தப்பாகப் பாடிய ஒரு வரியை வெட்டி மாற்றுங்கள், கொஞ்சம் ரிவெர்ப் (எதிரொலி) போட்டு, எம்பி3 எடுங்கள். எதில் குறைந்த தடவை திட்டினீர்களோ அது உங்களுடையது.

படி 5: பிளகின் வகைகளும், கையில் ஏற்கெனவே இருப்பதும்

பிளகின் என்பது டாவுக்குள் செருகும் குட்டி மென்பொருள். ஒலியைத் திருத்துபவை ஒரு கூட்டம்: ஒலியின் தடிப்பையும் கூர்மையையும் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ, கம்ப்ரஸர், ரிவெர்ப், ஒலியைப் பிந்தித் திருப்பிக் கேட்கவைக்கும் டிலே. ஒலியை உண்டாக்குபவை இன்னொரு கூட்டம்: சின்தசைசர், சாம்ப்ளர். வாங்கும் முன் அதன் வடிவத்தைப் பாருங்கள். ஸ்டெயின்பெர்க் 1996இல் கொண்டுவந்த விஎஸ்டி, 2008இல் வந்த விஎஸ்டி3, இவை விண்டோஸிலும் மேக்கிலும் பெரும்பாலான டாவில் ஓடும். லாஜிக்குக்கும் கராஜ்பேண்டுக்கும் ஏயூ வடிவம்தான். ப்ரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் மட்டும். லாஜிக் வைத்துக்கொண்டு விஎஸ்டி மட்டும் உள்ள பிளகினை வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போராடியவர்களை எனக்குத் தெரியும்.

டாவோடு வரும் பிளகின்களைக் குறைத்து எடை போடாதீர்கள். ஈக்யூ என்பது கணக்கு. 300 ஹெர்ட்ஸில் 3 டெசிபல் குறை என்றால் இலவச ஈக்யூவும் அதையே செய்யும், 15,000 ரூபாய் ஈக்யூவும் அதையே செய்யும். விலை உயர்ந்ததில் திரை அழகாக இருக்கும், கை வேகமாக ஓடும், கூடுதல் வசதி சில இருக்கும். தினம் எட்டு மணி நேரம் இதையே தொழிலாகச் செய்கிறவருக்கு அது பெரிய விஷயம். மற்றவர்கள் பொறுக்கலாம்.

தாராவித் தம்பிக்கு நான் வைத்த நிபந்தனை இதுதான்: மூன்று பாட்டை உடன் வரும் பிளகின்களாலேயே முடி. முடிக்கும்போது எங்கே இடறியது என்று ஒரு நோட்டில் எழுது. 'பஞ்ச் பத்தல' என்று எழுதினால் செல்லாது. 'ஸகரம் குத்துகிறது, உடன் வரும் டி-எஸ்ஸர் (ஸகரத்தைத் தணிக்கும் பிளகின்) குரலை மழுங்கடிக்கிறது' என்று எழுதினால் செல்லும். அந்த மாதிரிக் குறைக்குத்தான் பிளகின் தேட வேண்டும்.

படி 6: ஒரு தமிழ்க் குரலை எடுத்துச் செய்து பார்ப்போம்

ஆண் குரல், ராப் கலந்த பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெக்கார்ட் ஆகும்போதே உச்சம் மைனஸ் 12 டெசிபல் அருகில் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டால் பிறகு எந்த பிளகினாலும் மீட்க முடியாது.

முதலில் ஈக்யூ. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ரயில் அதிர்வும் மைக் ஸ்டாண்டு இடிபடும் சத்தமும் அங்கேதான் இருக்கின்றன. சின்ன அறையில் பாடிய குரலில் 250 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஒரு 'டப்பா' ஒலி இருக்கும். ஒரு குமிழை உயர்த்தி மெல்ல நகர்த்திக்கொண்டே போங்கள். பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி எங்கே கேட்கிறதோ அங்கே 2, 3 டெசிபல் குறையுங்கள்.

பிறகு கம்ப்ரஸர். அமுக்கும் விகிதம் 3:1, அட்டாக் (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரம்) 10 முதல் 15 மில்லிசெகண்ட், ரிலீஸ் (விட எடுக்கும் நேரம்) 80 அருகில். எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டும் முள் 4 முதல் 6 டெசிபல் அசைந்தால் போதும். அட்டாக்கை 1 மில்லிசெகண்டுக்கு இறக்கிவிட்டால் 'கட்டி', 'வெட்டி' என்ற வல்லின அடிகளின் முனை மழுங்கிவிடும். ராப்பில் அந்த முனைதான் தாளம். அதை மழுக்கிவிட்டுப் பிறகு 'பஞ்ச்' தேடி பிளகின் வாங்குகிறவர்கள் ஏராளம்.

டி-எஸ்ஸரை 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸுக்குள் தேடுங்கள். ரிவெர்ப்பைக் குரல் டிராக்கிலேயே நேரடியாகப் போடாமல், தனி டிராக்கில் போட்டு அங்கே கொஞ்சம் அனுப்புங்கள். குரல் முன்னால் நிற்கும், எதிரொலி பின்னால் நிற்கும். இரண்டுக்கும் நடுவே 20 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டால் வரிகள் தெளிவாகக் கேட்கும்.

பறையை ரெக்கார்ட் செய்தால் கணக்கு வேறு. வாசிப்பவருக்கு ஒரு மீட்டராவது தள்ளி மைக்கை வையுங்கள். அடிக்குச்சியின் இடியும் சிண்டுக்குச்சியின் சுளீரும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் கம்ப்ரஸர் அட்டாக்கை 30 மில்லிசெகண்ட் வரை தாராளமாக விடுங்கள். ஒற்றை அறையில் பறை அடித்தால் எல்லாமே எதிரொலியாகிவிடும். நாங்கள் மொட்டை மாடியில் வைத்து எடுத்தோம். காக்கை ஒன்று இடையில் கரைந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது சுருதி. இங்கேதான் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் சறுக்குகிறார்கள். ஆட்டோ-ட்யூன் 1997இல் வந்தது. அதை உருவாக்கிய ஆண்டி ஹில்டபிராண்ட், நிலத்தடியில் எண்ணெய் தேடுவதற்காக நில அதிர்வு அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த பொறியாளர். இந்த வகை பிளகின் ஒவ்வொரு சுரத்தையும் அருகிலிருக்கும் கீபோர்டு கட்டைக்கு இழுத்து உட்கார வைக்கும். நம் பாட்டிலோ சுரம் உட்காருவதில்லை, அசைகிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கிற சுரமே இல்லை. அதைப் பிடித்து நிற்க வைத்தால் தோடி போய்விடும், படிக்கட்டு இறங்குகிற ரோபோதான் மிஞ்சும்.

ஆகவே கமகம் உள்ள பாட்டுக்கு மூன்று காரியம் செய்யுங்கள். சுருதிக்கும் ராகத்துக்கும் ஏற்பக் கட்டைகளைத் தேர்ந்தெடுங்கள். பாடுகிறவர் 5 கட்டை சுருதி (கீபோர்டில் ஜி), ராகம் மோகனம் என்றால் ஜி, ஏ, பி, டி, ஈ ஆகிய ஐந்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஏழையும் அணைத்துவிடுங்கள். திருத்தும் வேகத்தை நன்றாகக் குறையுங்கள். அதற்கும் மேல் இழுபறி என்றால் தானியங்கியை விட்டுவிட்டு மெலடைன் மாதிரி ஒவ்வொரு சுரத்தையும் கையால் நகர்த்தும் கருவிக்குப் போங்கள், அதிலும் தப்பிய சுரத்தை மட்டும் தொடுங்கள். லாஜிக்கில் ஃபிளெக்ஸ் பிட்ச் இதே வேலையைச் செய்யும், ரீப்பரில் ரீட்யூன் ஓரளவு செய்யும். இன்னொரு தடவை பாடச் சொல்வதுதான் மலிவு என்பதும் உண்மை.

படி 7: இலவசத்தில் எதை எடுப்பது

இலவசப் பட்டியல்களில் 100 பெயர் போடுவார்கள். நான் ஏழுதான் போடுவேன்.

குறிப்பிட்ட இடத்தில் ஒலி எகிறும்போது மட்டும் குறைக்கும் டைனமிக் ஈக்யூ வேண்டுமென்றால் டிடிஆர் நோவா. மேலே சொன்ன ஸகரக் குத்தலுக்கு இதையே டி-எஸ்ஸராகவும் பயன்படுத்தலாம். பெரிய, மிதக்கும் எதிரொலிக்கு 2020இல் வந்த வல்ஹல்லா சூப்பர்மாசிவ். சின்தசைசருக்கு வைட்டல் அல்லது சர்ஜ் எக்ஸ்டி, இரண்டில் ஒன்று போதும். சுருதி திருத்த மெல்டாவின் எம்ஆட்டோபிட்ச். ஒலி எந்த அதிர்வெண்ணில் குவிந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்க வாக்ஸெங்கோ ஸ்பேன். கடைசியில் சத்த அளவு பார்க்க யூலீன் லவுட்னெஸ் மீட்டர்.

எதுவானாலும் தயாரித்தவரின் தளத்திலிருந்தே இறக்குங்கள்.

நம் வாத்தியங்கள் என்று வந்தால் மென்பொருள் உலகம் இன்னும் ஏழைதான். கீபோர்டுகளுக்குப் பொதுவாக 1991இல் வகுத்த ஜெனரல் மிடி பட்டியலின் 128 ஒலிகளில் சிதாருக்கும் ஷெனாய்க்கும் இடம் இருந்தது, நாதஸ்வரத்துக்கு இல்லை. ஷெனாயை வைத்துக் கல்யாண மேளம் ஒப்பேற்றிய காலம் அப்படி வந்ததுதான். இப்போது சாம்பிள் தொகுப்புகள் விற்கிறார்கள், ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து போவதை அவை தருவதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மிருதங்கம், வயலின் வாசிக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. பிளகின் விலையை ஒரு வாத்தியக்காரரிடம் கொடுத்து ஒரு மணி நேரம் வாசிக்கச் சொல்லுங்கள்.

படி 8: காசு கொடுத்து வாங்கும்போது

விலையை டாலரில் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 டாலர் பிளகின் 9,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 10,620. வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி 3.5 சதவீதம் எடுத்தால் 11,000 பக்கம் வந்துவிடும். கார்டு மறுக்கப்பட்டால் பயப்பட வேண்டாம். 2020லிருந்து புதுக் கார்டுகளில் வெளிநாட்டு ஆன்லைன் செலவு அடைக்கப்பட்டே வருகிறது. வங்கியின் ஆப்பில் திறந்துவிட்டு, வாங்கியதும் மறுபடி அடைத்துவிடுங்கள்.

நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃபிரைடே வரை பொறுத்தால் பல கம்பெனிகள் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கும். சில கம்பெனிகளில் வருடம் முழுக்கவே ஏதாவது தள்ளுபடிதான், அங்கே முழு விலை கொடுப்பது கோயம்பேட்டில் பேரம் பேசாமல் காய்கறி வாங்குவது மாதிரி. வல்ஹல்லா மாதிரிச் சிலர் தள்ளுபடியே தருவதில்லை. அவர்களுக்காகக் காத்திருந்து பயனில்லை.

சந்தாவா, ஒரே தடவை விலையா என்றால், எனக்குச் சந்தா பிடிக்காது. மூன்று வருடம் கழித்துப் பழைய பாட்டைத் திறக்கிறீர்கள், சந்தா முடிந்திருக்கிறது, குரலில் போட்ட பிளகின் ஊமையாக நிற்கிறது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் கம்பெனி இனிச் சந்தா மட்டும்தான் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதில் சில நாளிலேயே பின்வாங்கி, ஒரே தடவை விற்பனையைத் திரும்பக் கொண்டுவந்தது. எனக்கு மட்டும் வந்த எரிச்சல் இல்லை என்று அப்போது தெரிந்தது. ஒரே ஒரு வேலைக்காக ஒரு மாதம் ஒரு விலை உயர்ந்த கருவி வேண்டும் என்றால் சந்தா சரி.

வாங்கும் முன் இன்னும் இரண்டு கேள்வி. எத்தனை கம்ப்யூட்டரில் போடலாம்? உரிமத்தைப் பாதுகாக்க ஐலாக் மாதிரி தனிக் கணக்கு ஏதாவது கேட்கிறதா? இரண்டாவதற்கு ஆமாம் என்றால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை எங்காவது எழுதி வையுங்கள்.

கிராக், அதாவது பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். நானும் போட்டவன்தான். நண்பன் ஒருவனின் பென் டிரைவிலிருந்து 40 பிளகின். நான்கு மாதம் ராஜபோகம். ஒரு கல்யாணப் பாட்டைக் கொடுக்க வேண்டிய முந்தின இரவு லேப்டாப்பைத் திறந்தால், எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் விளங்காத நான்கு எழுத்து ஒட்டியிருந்தது. ஒன்றும் திறக்கவில்லை. பணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு மட்டும் திறந்தது. 11 பாட்டின் டிராக்குகள் போயின. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

படி 9: முடிப்பது

சத்தமாக வைத்தால் நன்றாகக் கேட்கும் என்று, உச்சத்தை ஓர் அளவில் தடுக்கும் லிமிட்டரைப் போட்டு நசுக்க வேண்டாம். ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவுகோல்) அருகில் ஒலியளவைச் சமன் செய்கின்றன. மைனஸ் 7இல் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்கள் குறைத்துவிடுவார்கள், நசுங்கியது நசுங்கியபடியே இருக்கும். உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்த ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு நகல் எடுங்கள்: டாவின் புராஜெக்ட் ஒன்று, பிளகின் எல்லாம் ஒலியாகவே பதிந்த தனித்தனி வேவ் டிராக்குகள் ஒன்று. பிளகின் செத்தாலும் இரண்டாவது பிழைத்திருக்கும். இரண்டையும் வெளி டிஸ்க்கில் போட்டு லேப்டாப்பிலிருந்து கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

கடைசி சோதனைக்கு நான் ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் ஏறிவிடுவேன். 200 ரூபாய் இயர்போன், போனில் எம்பி3. செம்பூரில் ஏறும்போது எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். குர்லாவில் கூட்டம் ஏறிய பிறகும் வரி புரிகிறதா, குரல் பீட்டுக்குள் மூழ்கவில்லையா, பேஸ் காணாமல் போய்விட்டதா என்று பார்க்கிறேன். குரு தேக் பகதூர் நகர் வருவதற்குள் திருத்த வேண்டியதை போனில் குறித்துக்கொள்வேன், மூன்றுக்கு மேல் குறிக்க மாட்டேன்.

தம்பி இப்போது இரவு 2 மணிக்குப் பாடி எடுக்கிறான். போன வாரம் அனுப்பிய பாட்டில் குரலுக்கு நான்கே பிளகின், நான்கும் ரீப்பரோடு வந்தவை. கூடவே ஒரு செய்தி: "அண்ணே, இரண்டாவது சரணத்துல ஃபேன் சத்தம் கேக்குதா?" கேட்டது, லேசாக. அந்தச் சரணத்தை மறுபடி பாடச் சொல்லியிருக்கிறேன்.